ஈயக் கிரிஸ்டலும் இயற்கைப் படிகமும்: மினுமினுப்பை வைத்து முடிவு செய்யலாமா?

பட்டை தீட்டிய ஈயக் கண்ணாடித் துண்டு ஒன்று, அதே அளவில் இயற்கைப் படிகம் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து எது உசத்தி என்று கேட்டால், பழக்கமில்லாதவர் அநேகமாகக் கண்ணாடியைத்தான் எடுப்பார். அதுதான் அதிகம் மின்னும். விளக்கடியில் திருப்பினால் நீலமும் சிவப்புமாகத் தெறிக்கும். கையில் கனமாகவும் இருக்கும். படிகமோ அடக்கமான வெளிச்சத்தோடு, உள்ளே லேசான மேகமூட்டத்தோடு பேசாமல் இருக்கும்.

கடைத்தெருவில் இரண்டும் ஒரே பெயரில் புழங்குகின்றன. பரிசுப்பொருள் கடையில் கிரிஸ்டல் என்றால் கண்ணாடி. ராசிக்கல் விற்பவரிடம் கிரிஸ்டல் என்றால் கல். பூஜைச் சாமான் கடையில் ஸ்படிக மாலை, ஸ்படிக லிங்கம் என்று கேட்டால் கல்லும் வரலாம், கண்ணாடியும் வரலாம். ராமேஸ்வரத்தில் விடிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம் செய்துவிட்டு, அதே நினைப்போடு வாசல் கடையில் மாலை வாங்குகிறவர், தான் வாங்குவது எது என்று தெரிந்து வாங்க வேண்டும். மனதில் பக்தியோடு கொடுக்கும் காசு அது. அதனால்தான் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஆழமாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரே பொருள், இரண்டு அடுக்கு

இயற்கைப் படிகம், ஸ்படிகம் என்றெல்லாம் நாம் சொல்வது குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நிறமற்ற தெளிவான வகை. அதில் இருப்பவை சிலிக்கன், ஆக்சிஜன் என்று இரண்டே தனிமங்கள். ஆற்று மணலில் பெரும்பகுதியும் இதே குவார்ட்ஸ்தான். ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கன்களுக்கு நடுவே பாலம். இந்த அமைப்பு சுருள் சுருளாக, கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பூமிக்கடியில் பாறை இடுக்குகளில் சிலிக்கா கரைந்த வெந்நீர் மிக மெதுவாக ஆறும்போது, அணுக்களுக்குத் தம் இடத்தைத் தேடி உட்காரப் போதுமான காலம் கிடைக்கிறது. அந்த நிதானம்தான் படிகத்தின் உருவத்தில் தெரிகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். படிகம் பெரியதோ சிறியதோ, ஒழுங்காக வளர்ந்ததோ ஒருபக்கம் சரிந்ததோ, ஒத்த முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மட்டும் மாறுவதில்லை. உள்ளே ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம். 1912-இல் மாக்ஸ் ஃபான் லாவேயும் அவருடைய கூட்டாளிகளும் படிகங்களின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது அந்த ஒழுங்கு படமாகவே பதிவானது.

கண்ணாடியில் இதே நான்கு ஆக்சிஜன் அமைப்பு உண்டு. பக்கத்து அணுக்கள்வரை ஒழுங்கும் உண்டு. தள்ளிப் போகப் போக அந்த ஒழுங்கு சிதறிவிடும். நார்வேயில் பிறந்த வில்லியம் ஸக்கரியாசென் 1932-இல் கண்ணாடியை இப்படித்தான் விளக்கினார்: வலை இருக்கிறது, வலைக்கண்கள் ஒரே அளவில் இல்லை. கற்கண்டையும் ஆரஞ்சு மிட்டாயையும் எடுத்துக்கொண்டால் இது புரியும். இரண்டும் சர்க்கரைதான். பாகை நூல்கட்டி நாள்கணக்கில் விட்டால் முகம் முகமாகக் கற்கண்டு வளர்கிறது. காய்ச்சி உடனே ஆறவைத்தால், முகமும் விளிம்பும் இல்லாமல் மிட்டாயாக உறைந்துவிடுகிறது.

படிகத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. இதற்குக் கலப்படமில்லாத சான்று உண்டு. சுத்தமான குவார்ட்ஸையே உருக்கி ஆறவைத்தால் சிலிக்காக் கண்ணாடி கிடைக்கிறது. ஓர் அணுகூட புதிதாகச் சேரவில்லை. ஆனால் அடர்த்தி 2.65-இலிருந்து 2.20-க்கு இறங்கிவிடுகிறது, ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் 1.544-இலிருந்து 1.458-க்கு வந்துவிடுகிறது. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-81-இல் கண்டறிந்த குணம் ஒன்று உண்டு. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் எழும், மின்சாரம் கொடுத்தால் அது துடிக்கும். உருக்கியதும் இந்தக் குணமும் போய்விடும். கைக்கடிகாரத்துக்குள் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிற குவார்ட்ஸ் துண்டின் இடத்தில் அதே வடிவில் கண்ணாடியை வைத்தால் கடிகாரம் ஓடாது.

ஆகவே ஈயம் சேர்ந்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான். ஈயம் துளியும் இல்லாவிட்டாலும் கண்ணாடி படிகம் ஆகிவிடாது.

படிகத்தைப் பார்த்துக் கண்ணாடி செய்த கதை

குவார்ட்ஸை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகினாலும் அது ஓடாது, கெட்டிப் பிசினாக நிற்கும். பழங்காலத்து உலை எதற்கும் எட்டாத சூடு இது. எனவே படிகத்தில் பாத்திரம் வேண்டுமென்றால் முழுக்கல்லைக் குடைந்து எடுப்பது ஒன்றே வழி. உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் 1898-இல் பௌத்தத் தூபியைத் தோண்டியபோது கிடைத்த படிகப் பேழையின் மூடியில் கைப்பிடியாக ஒரு மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் பட்டிப்ரோலுவில் புத்தரின் எச்சங்கள் வைக்கப்பட்டிருந்த சிறு பேழைகளிலும் படிகம் உண்டு. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. குவார்ட்ஸும் செவ்வந்திக்கல்லும் அங்கே பட்டை தீட்டித் துளையிடப்பட்டன. எகிப்தின் ஃபாத்திமியக் கலீஃபா அல் அஸீஸின் பெயர் பொறித்த படிகக் கூஜா இன்றும் வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயக் கருவூலத்தில் இருக்கிறது. ஒற்றைக் கல்லைக் குடைந்து, வெளியே சிங்கங்களைச் செதுக்கிய வேலை அது.

அந்த வெனிஸில்தான் கண்ணாடிக்காரர்கள் படிகத்தைப் போலவே செய்துபார்க்க முனைந்தார்கள். 1291-இல் கண்ணாடி உலைகள் அங்கிருந்து முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்செலோ பரோவியேர் என்பவர் பெயரோடு 'கிறிஸ்டல்லோ' என்ற கண்ணாடி வெளிவந்தது. கடலோரச் செடிகளை எரித்த சாம்பலைக் கரைத்து, வடிகட்டி, சுத்தப்படுத்தி, அதை மணலோடு சேர்த்தார்கள். இரும்பால் வரும் பச்சைச் சாயலை மாங்கனீஸ் போட்டு நீக்கினார்கள். அதில் ஈயம் கிடையாது. மெல்லியது, இலேசானது, ஊதி உருவாக்க அருமையானது. ஆழமாக வெட்டிப் பட்டை போட மட்டும் ஒத்துவராது.

ஈயம் வந்தது லண்டனில். வெனிஸில் வாழ்ந்து திரும்பிய ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஒரு வணிகர். கண்ணாடி ஊதுகிற கைவினைஞர் அல்ல. மலைப்படிகத்தைப் போன்ற கண்ணாடி செய்யும் முறைக்கு 1674-இல் அவருக்கு இங்கிலாந்து அரசு உரிமம் கொடுத்தது. ஆனால் அவருடைய முதல் பாத்திரங்கள் கொஞ்ச நாளிலேயே கலங்கின. மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய விரிசல்கள் பரவின. காரச்சத்து அதிகமாகிவிட்டது, காற்றின் ஈரம் அதைக் கரைத்தெடுக்க, மேல்தோல் சுருங்கி வெடித்தது. காரத்தைக் குறைத்தால் உலை உருக்காது. அந்த இக்கட்டைத் தீர்க்கத்தான் ஈய ஆக்சைடு உள்ளே வந்தது. ஈயம் உருக்கத்துக்கும் உதவியது, ஈரத்துக்கும் அசையவில்லை. 1676-இல் குறை தீர்ந்துவிட்டதென்று அறிவித்து, தன் பாத்திரங்களில் அண்டங்காக்கைத் தலை முத்திரையைப் பதித்தார்.

ஈயக் கண்ணாடியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று எழுதுவதுண்டு. அது சரியல்ல. ஃபுளோரன்ஸைச் சேர்ந்த பாதிரியார் அன்டோனியோ நேரி 1612-இலேயே ஈயக் கண்ணாடிக்குச் செய்முறை எழுதிவிட்டார். அது 1662-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. பெரிய அளவில், விற்பனைக்கு உகந்த பாத்திரமாக நிலைநிறுத்தியதே ரேவன்ஸ்கிராஃப்டின் பங்கு. அதற்கு நிலக்கரியும் ஒரு காரணம். கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 1615-இல் கண்ணாடி உலைகளில் விறகெரிக்க இங்கிலாந்தில் தடை வந்தது. நிலக்கரிப் புகை உருகிய குழம்பில் பட்டால் ஈய ஆக்சைடு கருத்த உலோகமாகத் திரும்பிவிடும். ஆகவே மூடிய களிமண் சட்டிகளுக்குள் உருக்கினார்கள். அந்த மூடிய சட்டி இல்லாமல் தெளிந்த ஈயக் கண்ணாடி இல்லை.

ஈயம் இன்னும் இரண்டு வரங்களைக் கொடுத்தது. உலையிலிருந்து எடுத்த பின்னும் குழம்பு நீண்ட நேரம் இளகியே இருந்ததால் கைவினைஞருக்கு அவகாசம் கிடைத்தது. ஆறிய பிறகு அது சாதாரணக் கண்ணாடியைவிட மென்மையாக இருந்ததால் சாணைச் சக்கரத்தில் ஆழமாக வெட்ட முடிந்தது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட், பிரான்ஸின் பக்காரா, சான் லூயி போன்ற பெயர்கள் இந்த வெட்டு வேலையால்தான் வளர்ந்தன. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனம் 1851 லண்டன் கண்காட்சியில் 27 அடி உயரக் கண்ணாடி நீரூற்றை நிறுத்தியது. அதே நிறுவனத்திடம் உதய்ப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் 1877-இல் கண்ணாடி நாற்காலி, மேசை, கட்டில் என்று சொல்லிச் செய்யவைத்தார். சரக்கு வந்து சேருமுன் 1884-இல் அவர் இறந்துவிட்டார். அரண்மனையில் இன்று பார்வையாளர்கள் பார்ப்பது அந்தக் கண்ணாடிப் பொருள்களைத்தான். அங்கே கிரிஸ்டல் என்று சொல்வதெல்லாம் கண்ணாடி, குவார்ட்ஸ் அல்ல.

ஏன் கண்ணாடி அதிகம் மின்னுகிறது

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது ஓர் எண். 1969 டிசம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் எதைக் கிரிஸ்டல் என்று விற்கலாம் என்பதற்குச் சட்ட வரையறை கொண்டுவந்தது. 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருந்தால் ஈயக் கிரிஸ்டல், 30 சதவீதம் இருந்தால் முழு ஈயக் கிரிஸ்டல். அடர்த்தி முறையே 2.90, 3.00-க்குக் குறையக் கூடாது. ஒளிவிலகல் எண் குறைந்தது 1.545. இயற்கைக் குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் 1.544-இல் தொடங்கி 1.553 வரை. அதாவது ஒளியை வளைக்கும் வலிமையில், சட்டம் கேட்கிற குறைந்தபட்ச ஈயக் கண்ணாடியும் படிகமும் கிட்டத்தட்டச் சமம்.

அப்படியானால் வானவில் எங்கிருந்து வருகிறது? நிறப்பிரிகையிலிருந்து. ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வேறுபட்ட கோணத்தில் திருப்புகிறது என்பதே நிறப்பிரிகை. குவார்ட்ஸுக்கு அது 0.013, வைரத்துக்கு 0.044. ஈயம் கூடக் கூடக் கண்ணாடியின் எண் ஏறும். நகைக்கென்று செய்யும் கனத்த ஈயக் கண்ணாடி 0.03-ஐயும் தாண்டும். ஈய அணு பெரியது, அதன் எலெக்ட்ரான் மேகம் தளர்ந்தது. ஒளியின் மின்புலம் அதை எளிதில் அசைத்துவிடுகிறது. அந்த அசைவு ஒளியின் வேகத்தைக் குறைக்கிறது. சிவப்பைவிட நீலம் கூடுதலாகத் தடைபடுகிறது. அதனால் நிறங்கள் விலகித் தெறிக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் இந்தக் கண்ணாடியை வைத்து வைரத்துக்கு மாற்றான நகைகளைச் செய்து புகழ்பெற்றார். 1895-இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி ஆலை தொடங்கியதும் இதே மினுமினுப்பை இயந்திரத்தால் வெட்டி எடுக்கத்தான்.

சரவிளக்குக்கு அழகு தரும் இதே குணம் தொலைநோக்கிக்குக் குறை. பொருள்களின் ஓரத்தில் நிறக்கரை விழும். ஆனால் சாதாரணக் கண்ணாடியாலான குவிவில்லையோடு ஈயக் கண்ணாடிக் குழிவில்லையைச் சேர்த்தால் ஒன்றின் நிறச்சிதறலை மற்றது அடித்துவிடும். ஜான் டாலண்ட் 1758-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஈயக் கண்ணாடி மதுக்கிண்ணத்துக்கு மட்டுமல்ல, வானியலுக்கும் உழைத்திருக்கிறது. இதனால்தான் அதைப் 'போலி' என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. மூன்றரை நூற்றாண்டுக் கைத்திறன் அது. அதற்குப் படிகம் என்று பெயர் சூட்டிப் படிகத்தின் விலைக்கு விற்பதைத்தான் ஏற்க முடியாது.

எப்படித் தெரிந்துகொள்வது

முதலில், ஊரில் சொல்லும் ஒரு சோதனையைத் தள்ளிவிடலாம். நல்ல ஸ்படிகத்தைத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பார்கள். ஒரு பொருள் நீரில் முழுக்க மறைய வேண்டுமென்றால் அதன் ஒளிவிலகல் எண் நீரின் 1.33-க்கு இணையாக இருக்க வேண்டும். குவார்ட்ஸுக்கு 1.544, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. இரண்டுமே தண்ணீரில் ஒரே அளவுக்கு மங்கும். இந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் வெளிச்சம் வரும் என்பது குவார்ட்ஸைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் உரசி உரசி மணியின் மெருகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொட்டுப் பார்ப்பது ஓரளவு உதவும். குவார்ட்ஸ் வெப்பத்தைக் கண்ணாடியைவிட ஆறு மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்துகிறது. அதனால் விரலின் சூட்டை இழுத்துக்கொண்டு ஜில்லென்று இருக்கும். கன்னத்தில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பழைய ரோமானியர்கள் படிகத்தை இளகாமல் இறுகிப்போன பனிக்கட்டி என்றே நம்பினார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி அப்படித்தான் எழுதிவைத்தார். ஆனால் சின்ன மணி கையில் சீக்கிரம் சூடேறிவிடும். ஏசி போட்ட கடையில் எல்லாமே ஜில்லென்றுதான் இருக்கும். எனவே இதை மட்டும் நம்பக் கூடாது.

எடைக் கணக்கு நம்பகமானது. வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். கல்லை உலர்வாக நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைச் சுழியாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் முழுக விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. 53 கிராம் கல் நீரில் 20 காட்டினால், 53-ஐ 20-ஆல் வகுக்க 2.65. அது குவார்ட்ஸின் அடர்த்தி. 2.9 அல்லது 3 வந்தால் ஈயக் கண்ணாடி. 2.5 வந்தால் சாதாரணக் கண்ணாடி. கல் சிறியதாக இருந்தால் நூறில் ஒரு கிராமைக் காட்டும் நகைத்தராசு வேண்டும். கையில் கனமாக இருப்பதுதான் அசல் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஈயக் கண்ணாடிதான் படிகத்தைவிடக் கனம்.

எல்லாவற்றிலும் சிறந்த சோதனை ஒளியைக் கொண்டு செய்வது. குவார்ட்ஸின் அணு அடுக்கு எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இல்லாததால், உள்ளே நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிகிறது. பெரிய படிக உருண்டையை ஒரு மெல்லிய கோட்டின்மேல் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே பார்த்தால், சில திசைகளில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எப்படித் திருப்பினாலும் கோடு ஒன்றுதான்.

சின்ன மணிக்கு இது போதாது. மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, முன்னால் மணியைப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கூலிங் கிளாஸ்) வழியே பாருங்கள். கறுப்புக் கண்ணாடியைச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை இருண்டுபோகும். அந்த இருட்டில் குவார்ட்ஸ் மணி பளிச்சென்று, பெரும்பாலும் நிறங்களோடு தெரியும். கண்ணாடி மணி இருண்டே கிடக்கும். ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கியிருந்தால் சாம்பல் நிழல்கள் ஓடலாம், அவ்வளவே. ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக்கும் இப்படி நிறம் காட்டும். அது இலேசாகவும் வெதுவெதுப்பாகவும் இருப்பதால் கைக்கே பிடிபட்டுவிடும்.

இந்தச் சோதனைக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களை ஒருகாலத்தில் மூக்குக்கண்ணாடி வில்லைகளாகத் தேய்த்தார்கள். வல்லத்துக் கல் என்று அதற்குத் தனிப் பேர். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடி 5 முதல் 6-க்குள். அதனால் வல்லத்து வில்லையில் எளிதில் கீறல் விழாது. தூசியில் துடைத்துத் துடைத்துப் போட்டாலும் தெளிவு குறையாது. பிரிட்டனிலும் குவார்ட்ஸ் வில்லைக்கு நல்ல கிராக்கி இருந்தது. அங்கே கண்ணாடி வில்லையைக் கல் என்று சொல்லி விற்பது நடந்ததால், 19-ஆம் நூற்றாண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள், போலராய்டு போலவே ஒளியை வடிகட்டும் டூர்மலின் கல்தகடு இரண்டைப் பொருத்திய இடுக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு தகட்டையும் குறுக்கே திருப்பி இருளாக்கி, நடுவில் வில்லையை வைப்பார்கள். வெளிச்சம் வந்தால் கல். மேலே சொன்ன மடிக்கணினிச் சோதனை இதே இடுக்கியின் வேலைதான்.

பூதக்கண்ணாடியும் உதவும். உள்ளே வட்டக் குமிழிகள், சுழன்றோடும் பாகு போன்ற கோடுகள் இருந்தால் கண்ணாடி. மெல்லிய திரைபோல மேகம், ஊசிபோன்ற இழைகள், ஒழுங்கற்ற சிறு பிளவுகள் இருந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். 108 மணியும் துளிக் குறையில்லாமல் ஒரே தெளிவில், ஒரே அளவில், மலிவாகக் கிடைத்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

ஈயம் எங்கே போகிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். கிரிஸ்டல் கண்ணாடியில் சேர்ப்பது காரீயம், உடம்புக்கு நஞ்சானது. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்; குழந்தைகளுக்கு இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய எல்லையே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

காரீயம் கண்ணாடியின் வலைக்குள் பிணைந்திருப்பதால், அணிவதாலோ கையில் எடுப்பதாலோ பயமில்லை. ஆனால் புளிப்புள்ள திரவம் நாள்கணக்கில் தங்கினால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே புக, ஈய அயனிகள் வெளியே வருகின்றன. 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதை எண்களில் காட்டியது. லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயினைக் கிரிஸ்டல் குடுவைகளில் ஊற்றி வைத்தார்கள். நான்கு மாதத்தில் அது 3,518 மைக்ரோகிராமாக ஏறியது. நீண்டகாலம் குடுவையிலேயே கிடந்த மதுவகைகளில் 21,530 வரை இருந்தது. குடிநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது அளவுகோல்.

ஆகவே பழைய கிரிஸ்டல் குடுவையில் எதையும் ஊற்றிச் சேமிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எலுமிச்சைச் சாறு, பழச்சாறு, வினிகர், ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். விருந்தில் ஒருவேளை ஊற்றிக் குடித்துவிட்டுக் கழுவி வைப்பதில் சேரும் ஈயம் குறைவு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதையும் தவிர்ப்பது நல்லது. ஈயக் கண்ணாடி மணிகளைத் தவழும் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டாம்; வாயில் போட்டுச் சப்பும் வயது அது. குவார்ட்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை.

தொழிற்சாலைகளும் இப்போது மாறிவருகின்றன. பேரியம், துத்தநாகம், டைட்டானியம் ஆக்சைடுகளைச் சேர்த்து ஈயமில்லாத கிரிஸ்டல் கண்ணாடி செய்கிறார்கள். ஸ்வரோவ்ஸ்கி 2012-இல் ஈயத்தைக் கைவிட்டது. இது நல்ல மாற்றம். அதே நேரத்தில் எடையை வைத்துக் கண்டுபிடிப்பது இதனால் கடினமாகிறது. ஈயமில்லாத சில வகைகளின் அடர்த்தி குவார்ட்ஸுக்கு மிக அருகில் வந்து நிற்கும். போலராய்டு சோதனை அங்கும் ஏமாற்றாது.

கடைசியாக, சந்தையில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸ். இரும்புக் கலனுக்குள் காரநீரை 350 டிகிரிக்குச் சூடாக்கி, பலத்த அழுத்தத்தில், சிறிய விதைப்படிகத்தின்மேல் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ரேடியோக்களுக்கு பிரேசில் குவார்ட்ஸ் போதாமல் திண்டாடியதிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. இது மனிதர் செய்தது, ஆனால் கண்ணாடி அல்ல. அணு அடுக்கிலும், கடினத்திலும், குளிர்ச்சியிலும் அசல் படிகம். மேலே சொன்ன எந்த வீட்டுச் சோதனையும் இதை இயற்கைக் கல்லிலிருந்து பிரிக்காது. ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். மாறாக, செர்ரி குவார்ட்ஸ் என்ற பெயரில் இளஞ்சிவப்பு இழைகளோடு வருவது வெறும் கண்ணாடி. பெயரில் குவார்ட்ஸ் இருப்பதால் கல் என்று நம்பிவிட வேண்டாம்.

விலை உயர்ந்த ஸ்படிக லிங்கமோ மாலையோ வாங்குகிறீர்கள் என்றால், ரசீதில் 'இயற்கைக் குவார்ட்ஸ்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'கிரிஸ்டல்' என்று மட்டும் எழுதினால் அது எதையும் உறுதி செய்வதில்லை. எழுதித் தர மறுக்கும் கடையில் கண்ணாடியின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.